மூணாம் பக்கத்துக் கண்ணீர்

நோர்வூட்
14.2.1961

தம்பிக்கு,

நலம் விசாரிக்கிற மனசு இன்னிக்கு இல்ல. காலேஜுக்கு நீ எழுதுன பிரஜாவுரிமைக் கட்டுரை வந்துச்சு. மொதல்ல எழுதுனதையும் திருத்துனதையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிச்சேன்.

மொத எழுத்துல நான் இருந்தேன். திருத்துனதுல வேற யாரோ இருக்கா. "ஏழைத் தோட்டப் பெண்ணொருத்தி அதிகாரியின் முன் கண்ணீர் மல்கக் கைகூப்பி நின்றாள்." யாருடா அவ? அந்த 'மல்க' எங்கேருந்து புடிச்ச? நம்ம தோட்டத்து லயத்து வீடுகள்ல யாரும் மல்கி நான் பாத்ததில்ல.

பிரஜாவுரிமைக்கு நான் போட்ட மனு விசாரணைக்கு நீயும்தானே கூட வந்த? "இந்த நாட்டுல நீ நிரந்தரமா இருக்கேங்கிறதுக்கு என்ன அத்தாட்சி?"ன்னு அந்த ஐயா கேட்டாரு. "நான் பொறந்த லயத்துலதான் இன்னும் இருக்கேன். நீங்க இந்த ஊருக்கு மாத்தலாகி வந்து எத்தன மாசங்க?"ன்னு திருப்பிக் கேட்டேன். என் கண்ணு கலங்கவேயில்ல. அவர் மூஞ்சிதான் செவந்துச்சு.

படிக்கிறவங்க மனசு இளகணும்னு உங்க வாத்தியார் சொன்னாராம், ஒடனே மாத்திட்டியாம். நாம அழுதாத்தான் நம்ம பக்கம் நியாயம் வருமா?

அந்தக் கேள்விக்காகத்தான் அவங்க என் மனுவைத் தள்ளுனாங்க. நீ அந்தக் கேள்வியவே தள்ளிட்ட.

மூணாம் பக்கத்துல கண்ணீரை அடிச்சிட்டு, நான் கேட்டதை மேல எழுதி அனுப்பியிருக்கேன். வாத்தியார் போடுற புள்ளி கொறைஞ்சா கொறையட்டும். நீ மறுபடி அத அழிச்சேன்னா, அந்தக் கைகூப்புனவளையே அக்கான்னு கூப்பிட்டுக்க.

இப்படிக்கு,
கைகூப்பாதவள்