முகம் தெரியாத வீடியோ

இந்த டைரி யார் கையில் கிடைத்தாலும் சரி, தயவுசெய்து மூடி வைத்துவிடுங்கள். அம்மாவிடம்கூடக் காட்டாதீர்கள். அப்பா பார்த்தால் என் படிப்பு அதோடு நின்றுவிடும்.

அக்டோபர் 12, ஞாயிறு

போடியில் தூறல், மலைமேல் வெயில். கூடப் படிக்கும் ஷீபா வீட்டில் கணக்கு டியூஷன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு அவளோடு ஜீப்பில் அவர்கள் எஸ்டேட்டுக்கு. எட்டாவது ஞாயிறு, எட்டாவது பொய். பங்களாவுக்குக் கீழே பழைய கால்ஃப் மைதானம், ஆறே குழி. சுற்றிலும் ஏலச்செடி.

இன்று வுட் வசப்பட்டது! கால்ஃப் மட்டைதான் அது. பேர்தான் வுட், தலை இரும்பு. புல்லில் கிடக்கும் பந்தை அதால் தூரமாக அடிக்க வேண்டும். இத்தனை நாளும் பந்தைத் தூக்கிவிடப் பார்த்தேன். உச்சியில் பட்டு உருண்டது. இன்று தூக்க முயலவே இல்லை. இடது குதிகாலுக்குச் சற்று உள்ளே பந்து. வாசல் கூட்டுவதுபோல் புல்லை உரசிக்கொண்டு ஒரே வீச்சு. தானாக ஏறியது. நேராகக் குழியில் நட்ட கொடிப்பக்கம்.

ஏலக்காய் எடுத்துக்கொண்டிருந்த அக்கா: "ஆத்தீ! பாப்பா, அது பந்தா குருவியா?"

மதுரையில் பெண்கள் கால்ஃப் அணிக்கு ஆள் எடுக்கிறார்களாம், வீடியோ அனுப்ப வேண்டுமாம். நான் அடிப்பதை ஷீபா ஃபோனில் எடுத்தாள். "நானே அனுப்பி விட்டுர்றேன்டி." முகம் வேண்டாம் என்று கெஞ்சியது நான்தான். சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் வந்தால் பெரியப்பா பார்ப்பார். அதனால் பின்னாலிருந்து. நான் போட்டிருந்ததும் அவள் தொப்பி, அவள் டி-ஷர்ட்.

அக். 15, புதன்

கணக்கு டெஸ்ட் 21/50. அப்பா: "டியூசன் போயி வாங்குனதா இது? போகாமயே வாங்கிருக்கலாமே."
வாங்க: கிராஃப் நோட், ரப்பர், ஊக்கு.

அக். 17, வெள்ளி

காலை பிரேயரில் மைக்கில் ஷீபா பேர். மதுரைக்குக் கூப்பிட்டிருக்கிறார்களாம். ஹெட்மிஸ், "இவ அடிச்ச ஒரு ஷாட்டப் பாத்தே கூப்பிட்டாங்க" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும்தான்.

மதியம் குழாயடியில் கேட்டேன்.

"அது என் வீடியோ."

"மொகம் இருக்கா அதுல? தொப்பி யாரோடது, டி-சர்ட்டு யாரோடது?"

"ஷீபா..."

"ஒங்கப்பா ஒன்னைய மதுரைக்கு விட்டுருவாராக்கும். வீணாப் போறத நான் எடுத்துக்கிட்டா என்னடி? நாளைக்கு வெரசா மேல வா. அந்த ஷாட்ட மட்டும் சொல்லிக் குடு. எனக்கு உருண்டுக்கிட்டே போகுது."

வர மாட்டேன் என்றேன். சிரித்தாள்.

"ஒனக்குத் தெரியாம மொகம் தெரியிற வீடியோவும் எடுத்து வச்சிருக்கேன். ஒங்கப்பா நம்பரும் இருக்கு. நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் பாப்பேன்."

எட்டு வாரம் ஒரே டிபன் பாக்ஸ். முட்டையை எனக்கே தந்துவிடுவாள். அதெல்லாம் எதற்கு?

அக். 18, சனி

நாள் முழுக்க மழை. மேலே போகவில்லை. அப்பா ஃபோன் அடிக்கும்போதெல்லாம் எட்டிப் பார்க்கிறேன்.

சரிவில் பந்து நம் பாதத்தைவிட மேட்டில் கிடந்தால் இடப்பக்கம் ஓடும். பிடியைக் கொஞ்சம் இறக்கிப் பிடித்து, வலப்பக்கம் பார்த்து நிற்க வேண்டும். இங்கே எழுதி வைக்கிறேன். அவளுக்குச் சொல்ல மாட்டேன்.

சாயங்காலம் ஆகிவிட்டது, இப்போதே அப்பாவிடம் நானே சொல்லிவிடப் போகிறேன். அவள் சொல்லிக் கேட்பதைவிட மேல். எப்படித் தொடங்க?
1. அப்பா, நான் டியூஷன் போகவே இல்லை.
2. அப்பா, எனக்கு ஒன்று நன்றாக வரும்.

இரண்டாவதுதான்.

முன்னறையில் அப்பா ஃபோனில் ஏதோ சத்தம். 'டக்'. நடுவில் சரியாகப் பட்டால் மட்டும் வரும் சத்தம் அது. அனுப்பிவிட்டாள்.

மறுபடி 'டக்'.

அம்மா: "யாருங்க அது? நம்ம பாப்பாவா?"

அப்பா வீடியோவை முதலிலிருந்து ஓட்டுகிறார். மறுபடி போடுகிறார். மறுபடி. ஐந்து தடவை ஆயிற்று. திட்டவே இல்லை, அதுதான் பயமாக

கதவைத் தட்டுகிறார்