சூசை மூன்று முறை சொன்னது

நாள் 212. காலை 07:10
செவ்வாய், பனிச் சுரங்க நிலையம். இதைக் கண்டெடுப்பவருக்கு: நான் நாச்சம்மை, குழுத் தலைவி. என் கீழ் மூவர். எல்லாம் சீர். நேற்று வெட்டிய பனி இரண்டு டன். சுரங்கத்தின் வெளிக்கதவில் காற்றை அடைக்கும் ரப்பர் வளையம் காய்ந்து விறைத்துவருகிறது, மாற்ற ஒருநாள் வேலையை நிறுத்த வேண்டும் என்றார் பராமரிப்பாளர் சூசை மிக்கேல். இலக்கு முடியட்டும் என்றேன்.

நாள் 219. காலை 07:08
சூசை மறுபடியும் வளையத்தைப் பற்றிப் பேசினார். குறித்துக்கொண்டேன்.

நாள் 223. காலை 07:12
மூன்றாம் முறை. பயமாயிருந்தால் சமையலறையைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன், எல்லோர் முன்னாலும். மற்ற இருவரில் குமரேசன் சிரித்தான். கைருன்னிசா சிரிக்கவில்லை.

நாள் 226. மாலை 17:30
குழுவின் மனநிலை பற்றிப் பூமியிலிருந்து மாதப் படிவம். நேரமில்லை, மூவருக்கும் நானே நிரப்பினேன். சூசை இப்போது கூட்டத்தில் வாய் திறப்பதில்லை. ‘ஒத்துழைப்பு கூடியிருக்கிறது’ என்று எழுதினேன்.

நாள் 231. பிற்பகல் 14:22
வளையம் கிழிந்தது. சுரங்கத்தில் காற்று வெளியேறுகிறது. மூவரும் உள்ளே. நிலையத்துக்குள் திறக்கும் உட்கதவின் மோட்டார் ஓடவில்லை.
சூசையின் குரல்: “மேடம், தாழ்ப்பாள் இந்தப் பக்கம்தான் இருக்கு. கையாலதான் போடணும். அவங்க ரெண்டு பேரையும் உள்ள இழுங்க. நான் நிக்கேன்.”
இழுத்தேன். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

14:31
சூசை பதில் தரவில்லை.

நாள் 232
பூமி கேட்டது: முன்னெச்சரிக்கை ஏதும் இருந்ததா? இருந்தது என்று அனுப்பினேன். மூன்று தேதிகளையும் எழுதினேன். படிவத்தை நானே நிரப்பியதையும் சொன்னேன். தலைமையைக் கைருன்னிசாவிடம் கொடுக்கச் சொன்னேன். சாப்பாட்டு மேசையில் இருவரும் என்னைப் பார்க்கவில்லை. கோபம்கூட இல்லை.

நாள் 233. காலை 09:50
உட்கதவு சூசையின் பக்கம் தாழிட்டிருப்பதால், அவர் உடலை எடுத்துவரப் பிரதான வாசல் வழியாக வெளியே போகிறார்கள். நானும் உடுப்பு மாட்டினேன். கைருன்னிசா தடுத்தாள்.
“நீங்க வரவேணாம் மேடம். ரேடியோவுலயும் பேசவேணாம். உங்க குரலக் கேட்டா எங்களுக்குக் கை ஓடமாட்டேங்குது.”
ஒலிவாங்கியை அணைத்துவிட்டேன். கேட்க மட்டும் முடிகிறது.

10:40
தூக்கிவிட்டார்கள் போலிருக்கிறது. “மெதுவா, குமரேசா. மூச்சு வாங்கிக்கோ. உனக்கு முடியலன்னா சொல்லு, நிப்போம்.” அவன் முடியவில்லை என்கிறான். நிற்கிறார்கள். என்னிடம் ஒருவரும் ஒருநாளும் முடியவில்லை என்று சொன்னதில்லை. அதைப் பெருமையாக நினைத்திருந்தேன்.

11:05
வாசலுக்கு வந்துவிட்டார்கள். மூவரும். திறக்க வேண்டியவள் நான். சூசை முகத்தைப் பார்த்து என்ன சொல்லி— தட்டுகிறார்கள். திறக்கப் போகிறேன்.