"வலிக்குதா?" என்ற கேள்விக்குப் பதில்

என் வீட்டு டீச்சரம்மாவுக்கு,

நீ "வலிக்குதா?" என்று கேட்டால் என்ன சொல்வதென்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஆமாம் என்றால் உன் முகம் வாடிவிடுகிறது. இல்லை என்றால் அது பொய்.

மதியச் சாப்பாடு அடுப்பின் மேல் மூடியிருக்கிறது. வண்டிச் சாவி ஆணியில் தொங்குகிறது; இன்று என் விரல்கள் பிரேக்கைப் பிடிக்காது, பஸ்ஸில் போகிறேன்.

நேற்று நீ, "எல்லா ரிப்போர்ட்டும் நார்மல்னா, அப்புறம் எங்கதான் வலிக்குது உங்களுக்கு?" என்றாய். நான் எழுந்து போய்விட்டேன். லிஃப்ட் மெக்கானிக்காக இப்போது சொல்கிறேன். சில லிஃப்டில் மோட்டார், கம்பி, கதவு எல்லாம் சரியாக இருக்கும். ஆனாலும் கதவு மூட மறுக்கும். தூசி பறந்தால்கூட ஆள் நிற்பதாகச் சென்சார் சொல்லிக்கொண்டிருக்கும். எனக்கிருக்கும் ஃபைப்ரோமயால்ஜியாவும், அதாவது உடம்பெல்லாம் வலிக்கும் இந்த நோயும், ஏறக்குறைய அப்படித்தான் என்றார் டாக்டர். வலி நிஜம்.

வேலைக்கு முன்னால் இப்போது மனநல டாக்டரிடம்தான் போகிறேன். 'அப்போ எல்லாம் மனசுலதானா' என்று நினைத்துவிடுவாயோ என்று உன்னிடம் சொல்லவில்லை. நீயும் என்னை நம்பாமல் போனால் யாரிடம் போய்ச் சொல்வேன் என்ற பயம் வேலையிலும் விடுவதில்லை.

பி.கு: குழாய் ரிப்பேர்காரர் பதினொரு மணிக்கு வருவார்.

இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன். காலையில் நம் பாப்பா, "அப்பா, இன்னிக்கு எத்தனை மாடி ஏறுவீங்க?" என்றாள். "ரெண்டு. மூணாவதுக்கு நீதான் தூக்கிட்டுப் போகணும்" என்றேன். பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை, பயமும் வரவில்லை. இனி வலிக்கிறதா என்று கேட்காதே. இன்றைக்கு எவ்வளவு முடியும் என்று கேள்.