நீ எழுதிய அந்த லேட்டஸ்ட்

என் ஆசைத் தம்பி சோடாபுட்டிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். எம்பிராய்டரி மெஷினும் ஓடுகிறது, உன் மச்சானின் குறட்டையும் ஓடுகிறது. மூன்று நாளாக நீ ஃபோனை எடுப்பதில்லை. ஃபோனைக் கட் பண்ணலாம், மச்சானைக் கட் பண்ண முடியாது. அதனால்தான் கடிதத்தை அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். நீ படித்து முடிக்கும்வரை எதிரிலேயே உட்காரச் சொல்லியிருக்கிறேன். மனிதருக்கு ஒரு டீயாவது போட்டுக் கொடு.

எம்பிராய்டரி சாஃப்ட்வேரோடு ஒட்டி வைக்க நீ செய்து கொடுத்த குட்டி புரோகிராம், அந்த ப்ளகின், தங்கம். ஒரு டிசைனுக்கு எவ்வளவு நூல் ஆகும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. நாற்பது கடைக்காரர்கள் வைத்திருக்கிறார்கள் என்று தெருவெல்லாம் பீற்றிக்கொண்டவள் நான்தான்.

போன வாரம் அதில் புதுப் பதிப்பு அனுப்பினாய். வீணான துணியில் ஓட்டிப் பார்க்காமல் நல்ல துணியில் நான் ஊசி வைப்பேனா? உன் ப்ளகினுக்கும் அதே மரியாதைதான். மூலையில் சும்மா கிடக்கிற பழைய கம்ப்யூட்டரில் முதலில் போட்டேன். “சொந்தத் தம்பி மேலயே சந்தேகமா?” என்றார் உன் மச்சான். “தம்பி மேல இல்லீங்க, அவன் கண்ணாடி மேல” என்றேன்.

போட்டதுதான் தாமதம், ப்ளகினைத் திறக்கும் முன்பே அந்தக் கிழட்டுப் பெட்டிக்கு மூச்சு வாங்கியது. பக்கத்துக் கடை கம்ப்யூட்டர் மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். உன் இன்ஸ்டால் ஸ்கிரிப்டைத் திறந்து பார்த்துவிட்டு அவர் சொன்னார்: “அக்கா, ப்ளகின் நல்ல பிள்ளைதான். ஆனா அதை உள்ள வைக்கும்போதே இந்த ஸ்கிரிப்ட் தானா ஓடி, வெளியில வேற யாரோ எழுதின ஃபைல் ஒண்ணைக் கூட்டிட்டு வருது. அந்த ஃபைல் இப்போ கெட்டவன் கைக்குப் போயிடுச்சு. வந்ததும் வராததுமா பாஸ்வேர்டைத் தேடுது.”

எந்த இடம் என்று கேட்டேன். ஒரு வரியில் விரல் வைத்தார். எழுத்துக் கூட்டாமல் எனக்குப் படிக்க வரும் இங்கிலீஷ் சொல் மொத்தம் நாலு. அதில் ஒன்று அங்கே உட்கார்ந்திருந்தது: லேட்டஸ்ட். நம் கடை போர்டில் டிசைனுக்கு முன்னால் இருக்கிறதே, அதே லேட்டஸ்ட்! எந்தப் பதிப்பு என்று எண் போட்டிருந்தால் நீ சோதித்துப் பார்த்த பழைய ஃபைல்தான் வந்திருக்குமாம். நீயோ, எது புதுசோ அது வரட்டும் என்று எழுதிவிட்டாய். சேலை கேட்கிறவள் அப்படிக் கேட்கலாம். நீ கேட்கலாமா?

மெக்கானிக் உனக்குச் செய்தி அனுப்பினார். “யாருக்கும் சொல்லாதீங்க, அடுத்த பதிப்புல சத்தமில்லாம சரி பண்ணிடறேன்” என்று பதில் போட்டுவிட்டுக் காணாமல் போய்விட்டாய். சரி பண்ணிவிடுவாய், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இந்தப் பதிப்பை ஏற்கெனவே போட்டவர்களின் பாஸ்வேர்ட் அதற்குள் வெளியே போயிருக்குமே, அதை எந்தப் பதிப்பு திருப்பிக் கொண்டுவரும்? அவர்கள்தான் மாற்ற வேண்டும். தெரிந்தால்தானே மாற்றுவார்கள்?

நம் தெருவில் மூன்று கடைக்கு நானே போய்ச் சொல்லிவிட்டேன். தையல்கடைக்காரி பத்து நிமிஷம் திட்டினாள். மூச்சு வாங்கியபின், “வேற யாரா இருந்தாலும் மூடி மறைச்சிருப்பாங்க” என்று எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள். மீதிக் கடைகளுக்கு நீதான் சொல்ல வேண்டும். இதை உன் சார்பில் நான் செய்ய மாட்டேன்.

இனி உன்னை யார் நம்பி வேலை கொடுப்பார்கள் என்று பயப்படுகிறாய், தெரியும். ஒளித்தது பிறகு தெரிந்தால்தான் அந்தப் பயத்துக்கு அர்த்தம் உண்டு. மச்சான் எதிரில் இருக்கும்போதே, இப்போதே, உன் பெயரைப் போட்டு எல்லோருக்கும் எழுது. தவறு என்னுடையது, பாஸ்வேர்டை உடனே மாற்றுங்கள் என்று இரண்டே வரி போதும். கேட்கிறவர்களிடம், செய்தவன் என் தம்பி, சொன்னவனும் என் தம்பி என்று நான் தலை நிமிர்ந்து சொல்ல வேண்டும்.

நீ நன்றாக இருப்பாய். எழுதுடா.

உன் வாயாடி அக்கா