பேருந்து நிலையப் பலகையில் சிரிக்கும் பெண்

அனுப்புநர்
ஸ்டூடியோ உரிமையாளர் ("சிரிங்க அண்ணன்" என்று கேட்டால் யாரும் வழிகாட்டுவார்கள்),
மாடிப்படிக்குக் கீழே உள்ள கடை, பேருந்து நிலையத்துக்கு எதிர்ப்புறம்.

பெறுநர்
மாவட்டச் சுகாதார அலுவலர் அவர்கள்,
மாவட்டச் சுகாதார அலுவலகம்.

பொருள்: சிகிச்சையில் இருந்த பெண்ணின் படம் உள்ள விளம்பரப் பலகையை இறக்கவும், நின்றுபோன அவருடைய மாத்திரையைப் புகைப்பட நிபந்தனை இல்லாமல் வழங்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்புக்குரிய ஐயா,

வணக்கம். இருபத்திரண்டு ஆண்டுகளாக இந்த ஊரில் படம் பிடித்துப் பிழைப்பவன் நான். இதைப் புகார் மனுவாகவே தங்கள் முன் வைக்கிறேன். ஆனால் புகாரில் பாதி என் மீதுதான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

1. சென்ற ஆண்டு ஜூன் மாதம், ஒரு பெரிய மருந்து நிறுவனத்தின் அறக்கட்டளை நம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சளிப் பரிசோதனை இயந்திரமும் காசநோய் மாத்திரைகளும் நன்கொடையாக வழங்கியது. அதற்கு முன் ஒரு பரிசோதனைக்கு ஆறு மணி நேரம் பேருந்தில் போக வேண்டும், முடிவு வாங்க இன்னொரு முறை போக வேண்டும். அந்த அலைச்சலுக்குப் பயந்து இருமலோடு காலம் தள்ளியவர்கள் அநேகம். இப்போது காலையில் சளி கொடுத்தால் மதியம் முடிவு. இதுவரை 213 பேர் சிகிச்சை பெற்றிருக்கிறார்கள். அந்த நன்மையைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

2. நன்கொடையோடு ஒரு நிபந்தனையும் வந்தது. மாதந்தோறும் மாத்திரைப் பெட்டி வாங்குபவர், நிறுவனத்தின் சின்னம் தெரியும்படி பெட்டியை நெஞ்சுக்கு நேராகப் பிடித்து நிற்க வேண்டும். அதைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். அந்த வேலை எனக்குக் கிடைத்தது. ஊசி போடும் அறையில், எடை பார்க்கும் கருவிக்கும் குப்பைக் கூடைக்கும் நடுவில் நிறுத்தி எடுப்பேன். டியூப்லைட் வெளிச்சத்தில் எல்லா முகமும் ஒரே மாதிரி வெளிறி விழும். பெட்டி தெளிவாக இருந்தால் போதும், முகத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்று நானும் மெனக்கெட்டதில்லை.

3. நவம்பர் மாதம், பேக்கரியில் ரொட்டியை உறையில் போடும் வேலை செய்யும் பெண் ஒருவர் தம் இரண்டாவது மாதப் பெட்டிக்காக வந்தார். அன்று கரண்ட் இல்லை. ஜன்னலோரம் அழைத்துப் போனேன். அந்த வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்ததும் என் தொழில் புத்தி விழித்துக்கொண்டது. முடியை ஒதுக்கச் சொன்னேன், தோளைத் திருப்பச் சொன்னேன், பத்து நிமிடம் நிற்க வைத்தேன். "அண்ணே, இது எங்க போகும்?" என்று கேட்டார். "ஆபீஸ் பீரோவுக்குத்தாம்மா. அங்க போய்த் தூங்கும். நீங்க சிரிங்க" என்றேன். விசாரித்துத் தெரிந்து சொன்னதல்ல, நானாக நினைத்துக்கொண்டு சொன்னது. அவர் சிரித்தார். பிறகு ஆறு பக்க ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். அவரும் அதைப் படிக்கவில்லை, நானும் படிக்கவில்லை. பேனாவை நீட்டியது நான்.

4. பிப்ரவரி 5ஆம் தேதி பேருந்து நிலைய முகப்பில் அந்தப் படம் பதினைந்து அடி உயரத்துக்கு ஏறியது. "காசநோயை வென்றேன்!" என்று பக்கத்திலேயே எழுத்து. அவருக்கோ இன்னும் இரண்டு மாத மாத்திரை பாக்கி. நான் கடையைத் திறந்தால் நேர் எதிரே அவர் முகம். உண்மையைச் சொல்வதானால், முதல் அரை மணி நேரம் எனக்குப் பெருமை பிடிபடவில்லை. டீக்கடைக்காரரைக் கூப்பிட்டு, நான் எடுத்தது என்று காட்டவும் செய்தேன். இப்போது அதை நினைத்தாலே உடம்பு கூசுகிறது.

5. அன்று மாலையே அவருக்கு வேலை போனது. பேக்கரி முதலாளியைக் கொடுமைக்காரர் என்று சொல்ல மாட்டேன். "இனிமே ஒட்டாதுன்னு டாக்டர் சொன்னது எனக்குத் தெரியுது. ரொட்டி வாங்க வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் நான் அதைச் சொல்லிக்கிட்டு இருக்க முடியுமா?" என்று என்னிடமே கேட்டார். அந்தப் பெண் மூன்று நிறுத்தம் தள்ளி, மரஅறுவை மில்லுக்குப் பின்னால் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். ஐந்தாவது மாதப் பெட்டி வாங்க வரவே இல்லை.

6. சென்ற வாரம் அங்கே போனேன். என் தோளில் தொங்கிய பையைப் பார்த்ததும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். பைக்குள் சாப்பாட்டு டப்பாதான் இருந்தது. திறந்து காட்டிய பிறகே பேசினார். "ஊரே பாத்தாச்சு அண்ணே. மாத்திரைக்கு வந்தா மறுபடியும் பெட்டியப் புடிச்சுக்கிட்டு நிக்கணும். அதுக்கு இப்படியே இருமிக்கிட்டு இருந்துடறேன்." என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம். இருமல் திரும்ப வந்திருப்பதை என் காதால் கேட்டேன்.

7. சுகாதார நிலையத்தின் மருந்தாளுநர் அம்மாவிடம் பெட்டியை என் கையில் கொடுங்கள் என்று கெஞ்சினேன். டாக்டர் பார்க்காமல், படமும் இல்லாமல் கொடுக்க அவருக்கு அனுமதி இல்லை. அறக்கட்டளை அதிகாரியிடம் தொலைபேசியில் பேசினேன். மரியாதையாகத்தான் பேசினார். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் மேலிடம் அடுத்த ஆண்டு உதவிக்கும் சம்மதித்தது என்றார். டிசம்பர் வரை பலகையில் பயனாளி ஒருவரின் முகம் இருந்தாக வேண்டும் என்பது ஒப்பந்தமாம். நான் அந்தப் படத்தைச் சுமாராக எடுத்திருந்தால் அது பீரோவிலேயே தூங்கியிருக்கும், ஐயா. இந்த ஒரு நினைப்பு என்னைப் படுத்துகிறது.

8. இதுவரை வெளியில் யாரிடமும் சொல்லாத ஒன்றைத் தங்களிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. சிகிச்சை பெற்றவர்கள் 213 பேர். நிறுவனத்துக்குப் போனது 212 பேரின் படம். ஒரு முகம் குறைவதை இன்றுவரை யாரும் கவனிக்கவில்லை. அந்த 213ஆவது ஆள் நான். ஜூலையில் எனக்கும் அதே இயந்திரம் நோயைக் காட்டிக்கொடுத்தது. "உங்கள யாருண்ணே படம் எடுக்கிறது?" என்று மருந்தாளுநர் அம்மா கேலி செய்தபோது, நானும் சேர்ந்து சிரித்துவிட்டுப் பெட்டியைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். ஜனவரி வரை விடாமல் சாப்பிட்டுக் குணமானேன். வீட்டில் எல்லோருக்கும் பரிசோதனை செய்தாயிற்று. கடையில் கேட்டவர்களுக்கு அல்சர் மாத்திரை என்று சொன்னேன். என் நோய் வீட்டோடு போகட்டும் என்று ஒளித்துக்கொண்ட நான், அவருடைய நோயை மட்டும் ஊர் முழுக்கக் காட்டிவிட்டேன்.

ஆகவே, தாங்கள் அந்தப் பலகையை இந்த வாரமே இறக்க உத்தரவிட வேண்டும். டாக்டர் ஒருவரை அவர் இருக்கும் வீட்டுக்கே அனுப்பி, இடையில் விட்ட சிகிச்சையை எங்கிருந்து தொடங்குவது என்று பார்க்கச் சொல்ல வேண்டும். இனி அவரிடமோ மற்றவரிடமோ படம் கேட்காமல் பெட்டி கொடுக்க வழி செய்ய வேண்டும். பலகையில் ஒரு முகம் இருந்தே தீர வேண்டும் என்றால், அதற்கான படத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். ஒப்புதல் படிவத்தின் ஆறு பக்கத்தையும் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

தங்கள் பதிலை எதிர்பார்த்துக் கடையைத் திறந்து வைத்திருக்கும்,
(கையொப்பம்)
மனுதாரர்

இடம்: ஸ்டூடியோ, பலகைக்கு நேர் எதிரே
நாள்: மார்ச் 17

இணைப்பு: கையில் மாத்திரைப் பெட்டியோடு என் படம், ஒன்று. அதே ஜன்னலோரம் நின்று நானே எடுத்தது. ஏழெட்டு முறை எடுத்துப் பார்த்தேன், சிரிப்பு வரவில்லை. இதையே ஏற்றுக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன்.