கேளம்பாக்கம் வழியாக அயர்லாந்து

என்னங்க,

உங்களைத்தான் கூப்பிடுகிறேன். பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை, எழுத உட்கார்ந்தாலும் இதுதான் வருகிறது. நம் காலனி ஆண்டு மலருக்கு உங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லி செயலாளர் வீட்டுக்கே வந்துவிட்டார். சாரின் சேவைகளைப் பற்றி எழுதுங்கள் என்றார். தெருவிளக்குக்கும் சாக்கடைக்கும் நீங்கள் அலைந்ததெல்லாம் அவர்களுக்கே தெரியும். அதனால் நான் உங்களுக்கு எழுதுகிறேன், அவர்கள் வேண்டுமானால் கூடவே படித்துக்கொள்ளட்டும்.

மே பிறந்து, அயர்லாந்து சைக்கிள் பந்தயமும் வந்துவிட்டது. நீங்கள் இல்லாமல் வருகிற முதல் பந்தயம். நீங்கள் இல்லாதபோது அது எப்படி நடக்கலாம் என்று எனக்குக் கோபம்கூட வந்தது, தெரியுமா?

படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கோடைக் காலையில் மஞ்சள் பனியனும் ஹெல்மெட்டுமாக நீங்கள் சைக்கிளில் போவதையும், பின்னாலேயே நான் ஸ்கூட்டியில் ஊர்ந்து வருவதையும் சேலையூரில் பார்க்காதவர்கள் குறைவு. காரணம்தான் யாருக்கும் தெரியாது. ரிட்டையர் ஆனதும் மாமாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். எனக்கும் முதலில் அந்தச் சந்தேகம் இருந்தது.

நம் கார்த்திக் வேலை கிடைத்து அயர்லாந்தில் கால்வே என்கிற ஊருக்குப் போன முதல் வருஷம், அவன் வீட்டு வாசல் ரோட்டில் ஒரு சைக்கிள் பந்தயம் போனது. ஒரே நாளில் முடிகிற பந்தயமில்லை. இன்றைக்கு ஒரு ஊரில் கிளம்பி இன்னோர் ஊரில் முடித்து, நாளைக்கு அங்கிருந்து கிளம்பி, நாட்டையே ஒரு சுற்று சுற்றுகிறார்கள். அவன் படம் எடுத்து மெயிலில் அனுப்பினான். கேம்ப் ரோடு பிரவுசிங் சென்டரில் அதைப் பார்த்துவிட்டு, வருகிற வழியிலேயே சைக்கிள் கடைக்குள் நுழைந்துவிட்டீர்கள். சர்க்கரைக்கு நடங்கள் என்று தலைபாடாக அடித்துக்கொண்ட டாக்டர் பேச்சைக் கேட்காத மனுஷர், பிள்ளை இருக்கிற ஊர் வழியாகப் போகிறார்கள் என்றதும் கியர் வைத்த சைக்கிள் வாங்கினீர்கள்.

அதிலிருந்து வருஷா வருஷம் பந்தய நாட்களில், அன்றைக்கு அவர்கள் ஓட்டிய தூரத்தில் உங்களால் முடிந்த பங்கை மறுநாள் விடியற்காலையில் இங்கே ஓட்டுவீர்கள். அதற்காக நம் ஊர்களுக்கெல்லாம் வேறு பேர் வைத்தீர்கள். மேடவாக்கம்தான் அந்த நாட்டு ஊரான கில்கென்னி. அங்கே நாட்டு நடுவில் சதுப்பு நிலம் இருக்கிறதாம், அதற்குப் பள்ளிக்கரணை. மலை ஏறுகிற நாளில் குன்றத்தூர். சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு முருகன் கோயில் படியில் பாதி ஏறி, குருக்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு இறங்கினீர்களே, ஞாபகம் இருக்கிறதா? கேளம்பாக்கம் பக்கம் உப்பளக் காற்று அடிக்கிறது, அதனால் அதுதான் கால்வே. அங்கே டீக்கடை வாசலில் காலை ஊன்றியதும், "கார்த்திக் வீடு வந்தாச்சு" என்பீர்கள். ஒவ்வொரு தடவையும் அதைச் சொல்லும்போது உங்களுக்கு முகமெல்லாம் பல்.

பந்தயத்தில் ஒவ்வொருவர் பின்னாலும் உதவிக்கு வண்டி வருமாம், தண்ணீர், பஞ்சர் சாமான் எல்லாம் எடுத்துக்கொண்டு. அந்த உத்தியோகம் எனக்கு. பின்னால்தான் வர வேண்டும், முந்தக் கூடாது, பக்கத்தில் வந்து பேச்சுக் கொடுக்கக் கூடாது என்று சட்டம் போட்டீர்கள். வண்டலூர் ரோட்டில் ஒரு போலீஸ்காரர் என்னை நிறுத்தி, ரொம்ப நேரமாக அந்த ஆள் பின்னாலேயே போகிறாயே, யாரம்மா அவர் என்று கேட்டார். என் வீட்டுக்காரர் என்றேன். சண்டையா என்று மெதுவாகக் கேட்டார். நீங்கள் திரும்பியே பார்க்கவில்லை. பந்தயத்தில் நடுவில் நிற்கக் கூடாதாம்.

முதலில் வருகிறவருக்குத்தான் மஞ்சள் சட்டை. போட்டிக்கு வேறு ஆளே இல்லாததால் நீங்கள் அதைக் கழற்றியதே இல்லை. அங்கே மழை என்று கார்த்திக் எழுதினால், இங்கே அக்னி நட்சத்திர வெயிலில் பாட்டில் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொள்வீர்கள். குடிக்கக் கொண்டுவந்த தண்ணீர் என்று நான் பின்னாலிருந்து கத்துவேன். எத்தனை சுகமான சண்டை அதெல்லாம்.

கார்த்திகை மழையில் நெஞ்சு வலிக்கிறது என்றீர்கள். ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோ நின்றபோது நீங்கள் இல்லை. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை.

கார்த்திக் வந்தான், கொள்ளி வைத்தான், காரியங்களை முடித்தான். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. வந்தவர்களுக்குப் பாய் போட்டான், காபி வாங்கி வந்தான், டிக்கெட் தேதிக்குக் கிளம்பிப் போய்விட்டான். வெளிநாடு போனால் மனசு கல்லாகிவிடும்போல என்று உங்கள் சித்தி என் காது படவே சொன்னாள்.

அதற்குப் பிறகு நான் பேசுகிற தமிழே மாறிவிட்டது. மேடவாக்கத்தில் என் தங்கை வீட்டுக்குப் போக ஷேர் ஆட்டோவில் ஏறி, கில்கென்னி ஒண்ணு என்றேன். "இன்னாம்மா, அது எங்க கீது?" என்று டிரைவர் திரும்பிப் பார்த்தார். வண்டியே சிரித்தது, நானும் சிரித்தேன். இறங்கி, தங்கை வீட்டுக் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதேன். அந்தப் பேருக்கு அர்த்தம் தெரிந்தவர்கள் இந்த ஊரில் இரண்டு பேர்தானே, அதில் ஒருவர் போய்விட்டீர்களே.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் கார்த்திக் போன் செய்வான். வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு இங்கேயே வந்துவிடு என்பதுதான் பேச்சு. நானும் விடாமல் மாட்டேன் என்று சொல்லி வந்தேன். தங்கை திட்டினாள், செயலாளர் வீட்டு மாமி புத்தி சொன்னாள். தனியாகக் கிடந்து என்ன செய்யப் போகிறாய் என்று கேட்காதவர்கள் இல்லை.

உங்களிடம் மட்டும் உண்மையைச் சொல்கிறேன். தனியாக இருக்க எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. சாயங்காலம் ஆனால் டிவியைச் சும்மாவாவது ஓடவிடுகிறேன். ஆனால் இங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் நீங்கள் எனக்கு முன்னால் போன ரோடு. அதையும் விட்டுவிட்டு நான் எங்கே போவது? போதாததற்கு, அம்மாவைக் கொண்டுபோய் வைத்துப் பார்த்துக்கொள்வது ஒரு கடமை என்று இவன் நினைக்கிறான் என்று எனக்கு ரோஷம். கடமைக்குக் கூப்பிடுகிற வீட்டில் போய் உட்கார்ந்து சாப்பிட முடியுமா, சொல்லுங்கள்.

இந்த வாரம் பந்தயம் ஆரம்பித்ததும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. மூடி வைத்திருந்த ஸ்கூட்டியைத் துடைத்து, பெட்ரோல் போட்டு, விடியற்காலையில் கேளம்பாக்கத்துக்குக் கிளம்பினேன். வண்டலூர் தாண்டியதும்தான் தெரிந்தது, எனக்கு உங்கள் வேகத்தைத் தவிர வேறு வேகத்தில் ஓட்டத் தெரியவில்லை. கை ஆக்சிலேட்டரைத் திருகவே மாட்டேன் என்கிறது. பின்னால் பஸ் ஹார்ன் அடித்தது. தண்ணீர் கேன் ஏற்றிவந்த டெம்போக்காரர் பக்கத்தில் வந்து, வண்டி ஓடவில்லையா, தள்ளிவிடவா என்று கேட்டுவிட்டுப் போனார்.

மாம்பாக்கம் பக்கம் ரோடு காலியாக இருந்தது. முன்னால் யாருமே இல்லை. மஞ்சள் பனியன் இல்லை, வேர்த்து ஒட்டிய முதுகு இல்லை, மேட்டில் எழுந்து நின்று மிதிக்கிற கால் இல்லை. யாருக்குப் பின்னால் நான் போய்க்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே புரியவில்லை. வாழ்க்கையில் நான் அவ்வளவு தனியாக என்றைக்கும் இருந்ததில்லை.

டீக்கடைக்காரர் என்னைப் பார்த்ததும் எட்டி ரோட்டைப் பார்த்தார். "சார் வர்லியா?" என்றார். சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பாய்லரையே துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு, அங்கே வரப்போகிற கண்ணாடிக் கட்டடத்தைப் பற்றி என்னவோ பேச ஆரம்பித்தார், பாவம். கார்த்திக் வீடு வந்தாச்சு என்று நானே வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். அது கேளம்பாக்கம்தான், கார்த்திக் அங்கே இல்லை. டீயை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

நேற்றுதான் பந்தயம் நிஜமான கால்வே வழியாகப் போகிற நாள். வருஷா வருஷம் அன்றைக்கு அவன் ரோட்டோரம் நின்று உங்கள் செல்லுக்குப் போன் போடுவான். நீங்கள் ஸ்பீக்கரில் போட்டு, சைக்கிள்கள் கடந்துபோகிற சத்தத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பீர்கள். கடுகு தாளிக்கிற நேரம்கூட இருக்காது அந்தச் சத்தம். அதற்காக மத்தியானமே குளித்துவிட்டுக் காத்திருப்பீர்கள். இந்த வருஷம் யாருக்காகப் போன் செய்யப் போகிறான் என்று நானும் சாமி விளக்கை ஏற்றப் போனேன். என் செல் அடித்தது.

"அம்மா, வராங்க. கேளு," என்றான். மழைச் சத்தம் கேட்டது. பிறகு அது வந்தது, உஸ்ஸென்று ஒரு கூட்டம், இன்னொரு கூட்டம், கார் ஹார்ன்கள், கைதட்டல். முடிந்தது. நன்றாகக் கேட்டதுடா என்றேன் நான். லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன், போகவில்லை.

"முதல்ல அப்பா நம்பருக்குத்தாம்மா போட்டேன்," என்றான்.

"அந்த நம்பரைத்தான் சரண்டர் பண்ணியாச்சேப்பா."

"தெரியும். தினமும் போடறேன். ஆபீஸ் விட்டு வந்து கதவைத் திறந்தா வீட்ல ஒரு சத்தம் இருக்காது. அப்பா நம்பருக்குப் போடுவேன். உபயோகத்துல இல்லைன்னு ஒரு பொண்ணு தமிழ்ல சொல்லும். அதைக் கேட்டுட்டு வெச்சுடுவேன்."

உங்கள் பிள்ளை அழுதான், என்னங்க. இங்கே உங்கள் பக்கத்தில் நின்று அழ வேண்டியதை, எங்கேயோ மழையில், தெரியாத ஜனங்களுக்கு நடுவில் நின்று அழுதான். எனக்குத் தீப்பெட்டி கையிலேயே இருந்தது. அழாதே என்பது வாய் வரை வந்தது, ஆனால் அவனை அழவிட்டேன்.

கொஞ்சம் அடங்கினதும், ஒருத்தன் கடைசியாக வருகிறான் என்றான். எல்லாரும் போய் ரொம்ப நேரம் கழித்துத் தனியாக வருகிறானாம். பின்னால் வண்டி வருகிறதா என்று கேட்டேன். வருகிறது என்றான். அவனுக்குக் கைதட்டுடா என்றேன். செல்லைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தட்டினான். மழையோடு சேர்ந்து அது எனக்குக் கேட்டது.

நான் வர்றேன்டா என்றேன். எப்போம்மா என்று உடனே கேட்டான், ஸ்கூல் விட்டு வருகிற வயசில் கேட்பானே, அதே குரலில். இத்தனை மாதமும் என்னைப் பார்த்துக்கொள்ளக் கூப்பிடுகிறான் என்றே நினைத்து வீம்பு பிடித்தேன். தனக்கு ஆள் இல்லை என்று சொல்லத் தெரியாமல்தான் அவன் என்னை வா வா என்றிருக்கிறான். உங்கள் பிள்ளைதானே, நேரடியாக எதைத்தான் கேட்டிருக்கிறான்?

வீட்டுச் சாவி தங்கையிடம் இருக்கும். எனக்குக் குளிர் ஒத்துக்கொள்ளுமா, அங்கே தனியாக ஒரு கடைக்காவது போய் வருவேனா, ஒன்றும் தெரியாது. நீங்கள் போன ரோடுகளை விட்டுவிட்டுப் போகிறேன் என்பது இப்போதும் வலிக்கத்தான் செய்கிறது. ஆனாலும் போகிறேன்.

ஒன்று மட்டும் உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன். அவன் ஆபீஸ் விட்டு வந்து படியேறுகிற நேரத்தில் உள்ளேயிருந்து கதவை நான் திறப்பேன். அப்பா இருந்தால் என்று அவன் ஆரம்பித்தால் பேச்சை மாற்ற மாட்டேன். அவன் அழுதால் நானும் கூடவே உட்கார்ந்து அழுவேன். பிறகு இரண்டு பேரும் சாப்பிடுவோம்.

இப்படிக்கு,
உங்கள் கார்த்திக்கின் அம்மா