பாவனையாளர்

கொட்டாஞ்சேனை
03.03.2025

அன்புள்ள லவினா,

சுகம்தானே? போனில் தினமும் காலையில் நம்பர் மட்டும் அனுப்புவேன், வேறு கதை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாய். அதனால் இதைத் தபாலில் போடுகிறேன்.

நம்பரைத் தவறாமல் அனுப்புகிறாய், நன்றி. அதை அடிக்காவிட்டால் இந்தப் புது எம்பிராய்டரி மெசின் ஒரு தையல்கூடப் போடாது. உன் பெயரில் எடுத்ததால் கம்பனி உன் போனுக்குத்தான் அனுப்புகிறது.

பழைய மெசினுக்கு இனிச் சாமான் வராது என்றார்கள். அவர்கள் இப்போது மெசின் விற்பதே இல்லை, மாதச் சந்தாவுக்குத்தான் தருகிறார்கள். பழையதைக் கொடுத்து இதை எடுத்தேன். உன் சீதன மெசினுக்குப் பதிலாக இதுவும் உன் பெயரில் இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன். அதற்குப் போய் வீட்டை விட்டுப் போவதா?

உன்னை எல்லோரும் கேட்கிறார்கள். உன் அக்காவுக்குச் சுகமில்லை, பார்க்கப் போயிருக்கிறாய் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அக்கா கோபிக்கமாட்டா என்று நம்புகிறேன்.

உன் ஜீவா

வெள்ளவத்தை
11.03.2025

அன்புள்ள ஜீவாவுக்கு,

உங்கள் புண்ணியத்தில் நோயாளியான அக்கா நேற்று இரண்டு தட்டு புட்டுச் சாப்பிட்டா.

எனக்குக் கோபம் இல்லை. கோபம் வந்தால் நல்லது என்று நானும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அப்பா துறைமுகத்தில் உழைத்து வாங்கித் தந்த மெசின் லொறியில் ஏறியபோது நான் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். வந்து பார்த்தேன். மீனைக் கழுவிச் சமைத்தேன். நீங்களும் சாப்பிட்டீர்கள்.

கம்பனி அனுப்பிய தாளைப் பாருங்கள். என் பெயருக்குப் பக்கத்தில் பாவனையாளர் என்று இருக்கிறது. உரிமையாளர் என்ற இடத்தில் கம்பனியின் பெயர். சந்தாவை நிறுத்தினால் வந்து எடுத்துக்கொண்டு போவார்களாம். அப்படியென்றால் நீங்கள் எனக்குத் தந்தது என்ன?

மெசின் ஓடிய நேரமெல்லாம் என் போனுக்கு வருகிறது. ஞாயிறு பூசை நேரத்திலும் ஓடியிருக்கிறது. கோயிலுக்குப் போங்கள்.

லவினா

கொட்டாஞ்சேனை
18.03.2025

அன்புள்ள லவினா,

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனேன். மெசின் நின்றதை நீ பார்த்திருப்பாய்.

அடையாள அட்டையுடன் நீ கம்பனிக்குப் போனால் பெயரையும் போன் நம்பரையும் என்னுடையதாக மாற்றித் தருவார்களாம். மறைத்தேன் என்று பிறகு சொல்வாய் என்பதால் எழுதுகிறேன். ஆனால் மாற்றாதே. காலையில் போனில் உன் பெயரைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தேத்தண்ணி இறங்குகிறது.

உன் ஜீவா

வெள்ளவத்தை
27.03.2025

அன்புள்ள ஜீவாவுக்கு,

நேற்றுப் போய் மாற்றிவிட்டேன். ஏப்ரல் இரண்டாம் திகதியிலிருந்து நம்பர் உங்கள் போனுக்கே வரும். புதுப் பாவனையாளர் உங்களுக்கு யார் என்று அங்கிருந்த பிள்ளை சிங்களத்தில் கேட்டாள். "மகே மஹத்தயா," என் கணவர் என்றுதான் சொன்னேன். வேறு என்ன சொல்வது? அழுகை வரும் என்று லேஞ்சி கொண்டு போயிருந்தேன். வரவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். நான் இங்கேயே இருக்கிறேன்.

லவினா

கொட்டாஞ்சேனை
02.04.2025

லவினாவுக்கு,

இன்று நம்பர் என் போனுக்கே வந்தது. அதைக் கவனிக்காமல் பழக்கத்தில் நீ அனுப்புவாய் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நம்பர் காலாவதியாகிவிட்டது. திரும்பக் கேட்டேன். கம்பனி உடனே இன்னொன்று அனுப்பியது.

மெசின் சத்தம் கேட்கவில்லையே என்று பக்கத்துக் கடை ஸவாஹிர் நானா எட்டிப் பார்த்தார். உன் அக்காவுக்கு இப்போது எப்படி என்று கேட்டார். சுகமாகிவிட்டது என்றேன்.

"அப்ப தங்கச்சி வந்துருவா," என்றார்.

"இல்ல நானா, அவ இனி வரமாட்டா."

இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. அவர் தன் கடைக்குத் திரும்பினார். நான் நம்பரை அடித்தேன். மெசின் ஓடுகிறது.

ஜீவராஜ்